பாமியா டாக்டரின் தண்ணீர்

தண்ணீர் இரண்டாம் மாடி ஜன்னலின் அடிக்கட்டையைத் தொட்டது. அதற்கு மேல் ஏற மனமில்லாததுபோல் அங்கேயே கொஞ்சம் தயங்கிவிட்டு, சுவரோடு சுவராக வழிந்து கீழே வந்தது. சற்று முன்பு பழைய தீயணைப்பு வண்டியிலிருந்து வெறும் தண்ணீரை அடித்துக் காட்டியபோதும் இதே ஜன்னலின் இதே கட்டையைத்தான் தொட்டது. விரற்கடை கூட வித்தியாசம் இல்லை. சந்தைச் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்த தலையை மெதுவாக இறக்கி, என் மனைவி விஜ்தானைப் பார்த்தார்கள். நான் மட்டும் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்வையை எடுத்தால் தண்ணீர் தோற்றுவிடும் என்று ஏதோ ஒரு முட்டாள்தனமான பிடிவாதம்.

தீயணைப்புப் படையின் தளபதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தஹாம் என்று பெயர். பெருத்த உடம்பு, பளபளக்கும் கறுப்புப் பூட்ஸ், பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுகிற முகம்.

"என்ன டாக்டர், கொழகொழப்பு பத்தலையா? இன்னும் ரெண்டு கிலோ வெண்டைக்கா வாங்கிப் போட்டிருக்கலாமே," என்றார்.

அவரோடு வந்திருந்த அதிகாரிகள் சம்பளத்துக்குத் தகுந்த அளவு சிரித்தார்கள். விஜ்தான் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் கிடந்த கான்வாஸ் குழாயையே பார்த்தாள். பிறகு குழாய் வந்த வழியே சந்துக்குள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

வெண்டைக்காய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அதைப் பாமியா என்போம். ஆட்டிறைச்சியோடு தக்காளிப் புளிப்பில் கொதிக்கவிட்டால் ஊரே மயங்கும். என் மனைவி பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் சொல்லித் தருகிறவள். குழாய்க்குள் ஓடும் தண்ணீரைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி முழுவதும். வேகமாக ஓடும் தண்ணீர் நேராக ஓடுவதில்லையாம். குழாயின் உள்சுவரை ஒட்டிப் புரண்டு, சுழன்று, தனக்குள்ளேயே அடித்துக்கொண்டுதான் போகிறதாம். பம்ப் கொடுக்கிற பலத்தில் பெரும்பங்கு அந்தச் சண்டைக்கே செலவாகிவிடுகிறது. நீண்ட நூல்போன்ற மூலக்கூறுகள் உள்ள ஏதாவது ஒன்றைத் துளியளவு கலந்துவிட்டால் சண்டை அடங்கும், அதே பம்ப் அதிகத் தண்ணீரை அதிகத் தூரம் தள்ளும். கர்பலாவுக்கு யாத்திரையாக நடந்துபோகும் கூட்டத்தில், குறுகலான தெருவில் ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு குடும்பம் தோளோடு தோள் பிடித்து நீளமாகப் போனால் சுற்றியிருப்பவர்களும் ஒழுங்காக நகர ஆரம்பிப்பார்கள் இல்லையா, அதுமாதிரி என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். அவளிடம் சொன்னபோது, முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்பும் இல்லை என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு பெரிய பாராட்டு எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

முதலில் அவள் வெண்டைக்காயின் வழவழப்பை வைத்துத்தான் சோதனை செய்தாள். மலிவாகக் கிடைக்கிறது, உள்ளூர்ச் சரக்கு. ஆனால் இரண்டு நாளில் நாறிவிடும். ஆய்வுக்கூடம் நாறியது, எங்கள் சமையலறை நாறியது, எங்கள் மகள் மர்வா இன்றைக்கும் பாமியாக் குழம்பைக் கண்டால் தட்டைத் தள்ளிவிடுகிறாள். அந்த நாற்றத்தில் பிறந்ததுதான் பாமியா டாக்டர் என்ற பட்டம். பிறகு அவள் வெள்ளைப் பொடியாக வரும் பாலிமருக்கு மாறிவிட்டாள். ஒரு தொட்டித் தண்ணீருக்குச் சில கைப்பிடி போதும். பட்டம் மட்டும் மாறவில்லை. அவளுடைய துறைத்தலைவரே விருந்தாளிகளிடம் அவளை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். நானாக இருந்தால் பதிலுக்கு அவருடைய வழுக்கையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன்.

நான் குழாய்க் கடைக்காரன். அவளைச் சந்தித்ததே குழாயால்தான். கடைக்கு வந்து பித்தளைக் குழாய் கேட்டாள். எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். என் கடைக்கு வருகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், கனத்தைப் பார்ப்பார்கள். உள்ளே பார்த்த முதல் ஆள் அவள்தான். சாயங்காலம்வரை கடையிலிருந்த அத்தனை குழாயையும் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் மாட்டிக்கொண்டேன் என்று.

இன்றைய சோதனைக்குக் காரணம் போன வருஷத்துத் தீ. எங்கள் துணிச் சந்தைக்கு வண்டி போகாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். கால்வாயோரச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, வளைந்து வளைந்து போகும் சந்துகளில் முந்நூறு மீட்டருக்கு மேல் குழாயை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அத்தனை தூரம் போன தண்ணீர் மறுமுனையில் கிழவன் மாதிரித்தான் வந்து சேரும். அன்றைக்குத் தீ மேல்மாடியில், தண்ணீர் கீழ்மாடியில். சந்தையின் பாதி போயிற்று. விசாரணை நடந்தது. பம்ப் ஓட்டியவன் போதுமான அழுத்தம் கொடுக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். பம்ப் ஓட்டியவன் குமைல், என் மனைவியின் தம்பி. அழுத்தமானி சிவப்புக் கோட்டைத் தாண்டும்வரை அவன் முடுக்கியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த தப்புக்குப் பாலைவனத்துக் காவல்சாவடிக்கு மாற்றல் என்று அவனுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சந்தைப் பக்கம் போக வேண்டியிருந்தால் அவன் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவான். எரிந்த கடைகளின் முதலாளிகள் அவன் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை.

அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் விஜ்தான் தளபதியின் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். பல நாள் உட்கார்ந்தாள். வாசல் காவலன் அவள் தலையைக் கண்டதும் நாற்காலி கொண்டுவந்து போடும் அளவுக்குப் பழகிவிட்டான். கடைசியில் அவள் மருந்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கத் தளபதி ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நாள். தண்ணீர் ஏறாவிட்டால் அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வண்டியையும் பம்பையும் குமைல்தான் ஓட்டுவான் என்பது அவள் போட்ட நிபந்தனை. போன வாரம் ஒத்திகை பார்த்தபோது தண்ணீர் மொட்டைமாடியைத் தாண்டியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆகவே இன்றைக்குத் தோற்றது அவளுடைய பாடம் இல்லை, வேறு ஏதோ ஒன்று.

சந்தில் அவள் குழாயை ஒட்டியே நடந்தாள். எங்காவது மடங்கியிருக்கிறதா, இணைப்பில் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கால்வாயோரச் சாலைக்கு வந்ததும் குமைல் வண்டியின் பக்கவாட்டில், பம்புக்கு முன்னால், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். வயர்லெஸ்ஸில் எல்லாம் கேட்டிருக்கிறான். முகம் செத்துப்போயிருந்தது. விஜ்தான் அவனைப் பார்க்கவில்லை. பம்பின் மேல் இருந்த ஒரு சின்ன வால்வைப் பார்த்தாள். பம்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிற குழாயின் வால்வு அது. திறந்திருந்தது.

"எப்பலேர்ந்து இது திறந்திருக்கு?" என்று கேட்டாள்.

"காலையிலேர்ந்தேக்கா. அவங்க வரக் காணோம். இந்த வெயில்ல பம்பைச் சும்மா ஓட விட்டா சூடேறி சீல் போயிரும். அதான் தண்ணியைச் சுத்த விட்டேன். உன் மருந்தும் நல்லாக் கலக்கட்டும்னு..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அக்காவின் முகத்தில் தெரிந்ததைப் பார்த்துவிட்டான்.

எனக்கே புரிந்துவிட்டது. அந்த நீண்ட நூல்களைப் பற்றி அவள் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். பம்பின் சுழலிக்குள் ஒரு தடவை போய்வந்தால் கொஞ்சம் அறுபடும், அதைத் தாங்கிக்கொள்ளும். திரும்பத் திரும்பப் போய்வந்தால் எல்லாம் துண்டு துண்டாகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அது வெறும் தண்ணீர்தான். காலையில் வருவதாகச் சொன்ன தளபதி மதியம் நெருங்கும்போதுதான் வந்தார். அதன்பின் பழைய வண்டியின் வேடிக்கை. அவ்வளவு நேரமும் குமைல் தன் வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்திருக்கிறான். சோம்பேறி ஒருவனை வண்டியில் போட்டிருந்தால் இந்நேரம் நாங்கள் ஜெயித்திருப்போம். ஒத்திகையன்று காத்திருக்க வேண்டிய பெரிய மனிதர் யாரும் இல்லாததால் அந்த வால்வைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

குமைல் தொப்பியைக் கழற்றினான். "நான் போய்ச் சொல்லிர்றேன்க்கா. தப்பு என்னோடதுன்னு சொல்றேன். உன் பேராவது தப்பிக்கட்டும்."

"பம்பை விட்டு நகராத," என்றாள் விஜ்தான்.

அதற்குள் தளபதியின் உதவி அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டான். தளபதி கேட்கிறாராம், தோற்றதற்குக் காரணம் என்ன, அறிக்கையில் என்ன எழுதுவது. கேட்டுவிட்டு அவன் கண் குமைல் பக்கம் போனது. போன வருஷத்து ஞாபகம் அவனுக்கும் இருந்திருக்கும். என் மனைவியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குழம்பில் உப்பு கூடிவிட்டால்கூட, தக்காளியின் குணம் அப்படி என்று நிரூபிக்கிறவள் அவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தப்பு என்னுடையது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் அந்த அதிகாரியை நேராகப் பார்த்தாள்.

"தப்பு என்னோடது. கலவையைச் சரியா வைக்கலை. அப்படியே எழுதிக்குங்க. ஆனா இன்னொரு தடவை அடிச்சுக் காட்டின பிறகு எழுதுங்க."

அவன் வயர்லெஸ்ஸில் சொன்னான். மறுபக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆற்றங்கரையில் தனக்காக மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார்களாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தளபதி. அவர் சொல்லும் இன்னொரு நாள் எது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அப்படி ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது. தொட்டியைக் காலி செய்து, பழைய வண்டியிலிருந்து நல்ல தண்ணீர் ஏற்றி, மருந்து கலந்து முடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அந்த மனிதரை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

நான் சந்துக்குள் ஓடினேன். சதுக்கத்து டீக்கடை ஜப்பார் என் பழைய சிநேகிதன். தளபதிக்கும் அவரோடு வந்த அத்தனை பேருக்கும் என் கணக்கில் டீ என்றேன். ஏலக்காய் போட்டு, வாய் வைக்க முடியாத சூட்டில். ஜப்பார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்தான். தளபதி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, சாஸரில் வைத்த சின்னக் கண்ணாடி டம்ளர் அவர் முன்னால் வந்து நின்றது. எரிந்துபோன சந்தையின் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊற்றின டீயை விட்டுவிட்டு எழுந்துபோனால் ஊற்றினவனை அறைந்ததற்குச் சமம். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"இது உம் வேலைதானா, அபூ மர்வா?" என்றார். மர்வாவின் அப்பா என்று மகள் பெயரைச் சொல்லி அழைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"வீட்டுக்கு வந்தவங்களை வெறும் வாயோட அனுப்ப முடியுமா, சார்? டீ ஆறட்டும், மெதுவாக் குடிங்க."

அவர் டீயை ஊதுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்ப ஓடினேன்.

விஜ்தான் எப்போதும் கலவையை இரண்டு கேன்களாகத்தான் செய்வாள். ஒன்று வேலைக்கு, மற்றொன்று அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க. முந்தின நாளே கரைத்து, அசைக்காமல் ஊறவைத்த இரண்டாவது கேன், சாலையோரம் நின்ற என் கடை வண்டியின் பின்பக்கம் ஈரச் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தபோது தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. அவள் தீயணைப்பு வண்டியின் மேல் ஏறி, தொட்டி வாயருகே நின்றிருந்தாள். கையில் படகுத் துடுப்பு. கால்வாயில் கட்டியிருந்த படகுக்காரனிடம் வாங்கியிருக்கிறாள். நான் கேனைத் தூக்கிக் கொடுத்தேன். தேன்மாதிரி நூலிழுத்துக்கொண்டு அது இறங்க இறங்க, அவள் துடுப்பைப் போட்டு மெல்லத் துழாவினாள். அவசரமே இல்லை. தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் போடுகிற மாதிரி துழாவினாள். அங்கே டீ ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சீக்கிரம் என்று சொல்ல வாயெடுத்தேன். குமைல் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

அவனுக்கு என்னைவிடக் கஷ்டம். பம்ப் அணைந்து நின்றது. அணைந்து நிற்கிற பம்பின் முன்னால் நிற்க அவனுக்குத் தெரியாது. கை தானாகவே அந்த வால்வுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டான். சதுக்கத்தில் குழாய் முனையைப் பிடித்திருந்த வீரனின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது. டீ குடித்தாகிவிட்டது, தளபதி கிளம்புகிறார்.

விஜ்தான் துடுப்பை நிறுத்தினாள். "இப்ப விடு," என்றாள்.

பம்ப் உறுமியது. தரையில் தட்டையாகக் கிடந்த குழாய் விறைத்து உருண்டது. சந்தின் முதல் வளைவுவரை அது நிமிர்வதைப் பார்த்தோம், பிறகு பார்வைக்கு எட்டவில்லை. சாலையிலிருந்து சதுக்கம் தெரியாது. முன்வரிசைக் கடைகளின் கூரைக்கு மேல், சதுக்கத்து மாடிக்கட்டடத்தின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும் ஒரு கோடுபோலத் தெரியும். அதைத்தான் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கோட்டுக்கு மேலே வெறும் வானம். ஒரு புறாக்கூட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. குமைல் வாய்க்குள் ஏதோ ஓதினான். எனக்கு ஓதவும் வரவில்லை. விஜ்தானின் விரல்கள் துடுப்பின் மேல் வெளுத்திருந்தன.

முதலில் புறாக்கள் சிதறின. பிறகு கோட்டுக்கு மேல் ஒரு வெள்ளைத் தலை எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது. இந்தத் தடவை விழவில்லை. கூரைகளுக்கு மேல், ஓர் ஆள் உயரத்துக்கு, அப்புறம் இரண்டு ஆள் உயரத்துக்கு, கண்ணாடிக் கம்பிபோலச் சிதறாமல் நின்று, உச்சியில் மட்டும் பிரிந்து வெயிலில் தூறியது. சந்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. போன வருஷம் அங்கிருந்து வந்த சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், அது வேறு. இது நூறு கடைக்காரர்கள் ஒரே தொண்டையில் போட்ட சத்தம். மொட்டைமாடியில் துணி காயப்போட்டிருந்த ஏதோ ஒரு பெண் எங்கள் அனைவரின் பரம்பரையையும் இழுத்துத் திட்டுவதும் அதோடு சேர்ந்து கேட்டது.

குமைல் அழுத்தமானியை விரலால் தட்டினான். "சிவப்புக்கு இன்னும் பாதி தூரம் இருக்கு, மச்சான்," என்றான் என்னிடம். "நான் ஒண்ணுமே முடுக்கலை." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. பெருமையில் என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் பிடித்து உலுக்கி, அவள் என் கடையில்தான் குழாய் வாங்கினாள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சாலையில் போன தக்காளி வண்டிக்காரன் ஒருவனிடம் உண்மையிலேயே சொன்னேன். அவன் அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான்.

சற்று நேரத்தில் வயர்லெஸ்ஸில் நிறுத்தச் சொன்னார்கள். தளபதியே வண்டிக்கு வருகிறாராம், டாக்டரை நேரில் பார்க்க வேண்டுமாம். அந்தத் தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. கொட்டின இடமெல்லாம் சவர்க்காரம் போட்ட மாதிரி வழுக்கும். மொட்டைமாடிவரை ஏறினதெல்லாம் சந்தின் கல்தளத்துக்குத்தானே இறங்கியிருக்கும். நாங்கள் சந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் உதவி அதிகாரி வந்தான், பின்பக்கம் முழுக்கச் சேறு. அவனுக்குப் பின்னால், இரண்டு பக்கச் சுவரையும் இரண்டு உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு, பளபளக்கும் பூட்ஸை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, வைத்த கால் நிலைத்ததா என்று குனிந்து பார்த்து, தளபதி தஹாம் வந்துகொண்டிருந்தார். தொப்பி நனைந்து காதில் இறங்கியிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் விஜ்தானுக்குக் கை நீட்டினேன், இறங்கி வா என்று. அவள் என் கையைப் பார்த்தாள். இறங்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, துடுப்பை ஊன்றி, வண்டியின் உச்சியில் நேராக நின்றாள். தளபதி ஒரு அடி வைத்தார், வழுக்கினார், சுவரைப் பிடித்தார், அடுத்த அடியை வைத்தார்.